கோல் மட்டும் அசைந்தது

வேகமான இசை எனக்குப் பிடிக்காது, ஐயா. வீட்டில் மெதுவான மெட்டுகளைத்தான் வாசிப்பேன். கீழ்த்தளத்தில் ஒரு சீக்குக்காரர் இருக்கிறார், பாவம். பாரிஸின் மொன்மார்த்ரில், பாவாடையைத் தூக்கிப் பிடித்துக் காலை வீசிக் கான்கான் ஆடும் கூடத்தில் கோலை அசைத்து வாத்தியக்குழுவை நடத்தியது வயிற்றுப்பாட்டுக்காக.

கான்கான் மெட்டு உங்களுக்கும் தெரிந்திருக்கும். நரகத்தில் தேவர்கள் கூத்தடிக்கும் ஒரு வேடிக்கை இசைநாடகத்தில் வந்தது. ஒரு காலத்தில் கண்ணியமானவர்கள் அதைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொண்டார்கள். இப்போது அவர்களுடைய பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை மதியம் முன்வரிசைக்கு அடித்துக்கொள்கிறார்கள்.

எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. மெட்டு நிற்கும்வரை ஆட்டம் நிற்கக் கூடாது. மூச்சு முட்டினால் முன்னணி ஆட்டக்காரி பாவாடை விளிம்பை விட்டுவிட்டு ஒரு கையை நெஞ்சில் வைப்பாள். பார்ப்பவர்களுக்கு அது வணக்கம், எனக்கு உத்தரவு. உடனே மெட்டின் முடிப்புக்குப் போவேன். அவள் எகிறி, கால்களை விரித்துத் தரையில் அமர்வாள், கதை முடிந்தது. கை வைக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

லெயோந்தீன்தான் முன்னணி. அவளுடைய இதயம் பலவீனமானது என்று வைத்தியர் சொன்னதை அந்தக் கூடத்தில் என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

"வாத்தியாரே, இந்த ஞாயித்துக்கிழமையோட இந்தக் கூத்துக்கு ஒரு கும்பிடு. ஃபிர்மேன்கூட ருவான் ஊருக்குப் போறேன். ரொட்டிக்கடை வைக்கப் போறோம்."

"நம்ம எக்காளம் ஊதுற ஃபிர்மேனா?"

"அவனேதான். ஏன் மூஞ்சி அப்படிப் போகுது, புளிச்ச ஒயின் குடிச்ச மாதிரி? கல்யாணத்துக்கு நீங்கதான் வாசிக்கணும். மெதுவா வாசிங்க, என் நெஞ்சு தாங்கணும்ல."

சிரித்துக்கொண்டே போய்விட்டாள். நான் கோபப்படவில்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள். அவளுக்குத் தாளம் கேட்கக் கற்றுக்கொடுத்தவன் நான். அந்தக் கால்கள் அடுப்படியில் நிற்கப் போகின்றனவே என்று நெஞ்சு எரிந்தது, அவ்வளவுதான். நல்லபடியாக வழியனுப்ப நினைத்தேன்.

ஞாயிறன்று கூடம் நிரம்பி வழிந்தது. முதல் சுற்று முடிந்ததும் நெஞ்சில் கை வைத்தாள். நான் முதலிலிருந்து ஆரம்பித்தேன். கூட்டம் ஆர்ப்பரித்தது. வாத்தியக்காரர்கள் மேடைக்கு முன்னால் உள்ள குழிக்குள், மேடைக்கு முதுகு காட்டி உட்காருவார்கள். அவர்களுக்கு என் கோல் மட்டும்தான் தெரியும். மறுபடி கை வைத்தாள். நான் வேகத்தைக் கூட்டினேன். ஃபிர்மேன் அன்றுபோல் என்றுமே ஊதியதில்லை. முகமெல்லாம் சந்தோஷம்.

பிறகு இரண்டு கைகளையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தபடி ஆடினாள். உதடுகள் அசைந்தன. "வாத்தியாரே, போதும்" என்றாள். சத்தத்தில் காதில் விழவில்லை. உதடுகளைப் படிக்க எனக்கு வரும்.

விழுந்தபோது கால்கள் விரியவில்லை, மடங்கின. அதுதான் முடிப்பென்று நினைத்து எல்லோரும் கைதட்டினார்கள். மெட்டைப் பாதியில் விடுவது முறையல்ல என்பதால் மிச்சத்தையும் வாசிக்க வைத்தேன்.

அவள் கை வைத்ததைப் பார்க்கவில்லை என்று முதலில் சொன்னேன். பார்த்தேன், ஐயா, ஒவ்வொரு தடவையும். ஆனால் கொன்றவன் நான் என்று எழுதாதீர்கள். நான் ஒரு சுரம்கூட வாசிக்கவில்லை. ஊதியது ஃபிர்மேன்.