ஐரீனுக்கு ஒட்டப்பட்ட கண்ணீர் அஞ்சலி

பெயர் சாரா, வயது 21, தந்தை பெயர் ஆண்ட்ரூ, சொந்த ஊர் மலேசியாவில் கிள்ளான், தற்போது தங்கியிருப்பது ராயபுரம் ரயில் நிலையத்துக்கு அருகே உள்ள பெண்கள் விடுதி. விசாரித்தபோது நான் சொன்னதாவது:

நான் மேற்படி விடுதியில் தங்கி, சென்னையில் ஒரு தனியார் கல்லூரியில் இதழியல் மூன்றாம் ஆண்டு படித்து வருகிறேன். மாணவர் விசாவில் வந்திருக்கிறேன். வீட்டில் பேசுவது தமிழ்தான், எனக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டாம். இதை இந்தக் காவல் நிலையத்துக்கு வந்ததிலிருந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

படிப்பின் பகுதியாக ஒரு பத்திரிகையில் பயிற்சி பெற வேண்டும் என்பதால், கல்லூரிக் கடிதத்துடன் திருவொற்றியூரில் உள்ள 'வடதுறை' என்ற மாத இதழில் சேர்ந்தேன். அதன் ஆசிரியரும் உரிமையாளரும் ராசையா என்பவர். தெற்கே இருந்து வந்து இங்கே தொழில் நடத்துகிற கிறிஸ்தவக் குடும்பம். முன்னறையில் இதழ், பின்னறையில் அவருடைய அச்சகம். சேர்ந்த சில நாளிலேயே இதழ் பேருக்குத்தான், பிழைப்பு பின்னறையில் என்று விளங்கிவிட்டது. இழவு வீட்டுக்காரர்கள் போட்டோவோடு வருவார்கள், நான் கணினியில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் செய்து கொடுப்பேன். பத்திரிகைத் தொழில் கற்கக் கடல் தாண்டி வந்தவள் கற்றுக்கொண்டது, செத்தவருக்குப் பக்கத்தில் நிற்பவரைப் படத்திலிருந்து எப்படி வெட்டி எடுப்பது என்பதைத்தான்.

கிறிஸ்தவர்களுக்கான மாதிரி ஒன்று கணினியில் தயாராக இருக்கும், பெயரும் படமும் நாளும் மட்டும் மாற்றினால் போதும். அதில் 'நல்லடக்க ஆராதனை' என்று இருந்தது. ராசையாவின் சபையில் அப்படித்தான் சொல்வார்கள். நான் கத்தோலிக்கப் பெண், எங்களுக்கு அது அடக்கத் திருப்பலி, ராயபுரத்தில் பூசை என்பார்கள். இதை அவரிடம் சொன்னபோது, "எல்லாம் ஒண்ணுதாம்மா. செத்தவுக எந்திரிச்சு வந்து பிழை திருத்தவா போறாவ?" என்றார். மாதிரியில் கை வைக்கக் கூடாது என்றும் சொன்னார். அதன் பிறகு கத்தோலிக்க வீட்டு போஸ்டர் எனக்கு வந்தால் அதில் மட்டும் நானே திருப்பலி என்று மாற்றிவிடுவேன்.

அதன் பிறகு ஞாயிறு பூசையில் ஐரீன் என்பவர் எனக்குப் பழக்கமானார். மீன் விற்கிறவர், கணவர் சவரிநாதன் துறைமுகத்தில் வேலை செய்கிறார். விடுதிச் சாப்பாட்டில் நான் இளைத்துவிட்டதாகச் சொல்லி வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டார், இந்த ஊரில் என்னை அப்படிக் கவனித்த முதல் ஆள் அவர்தான். அவர் வீட்டு மொட்டைமாடிக் கொடியில் காயும் வெள்ளைத் துணியெல்லாம் பக்கத்து நிலக்கரிக் கிடங்கின் தூசியால் சாம்பல் நிறமாக இருந்தது. அந்தக் கிடங்கைப் பெரிதாக்குவது பற்றி அரசு கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த இருந்தது, அவர்கள் தெருவிலிருந்து எழுந்து பேசுவதாகச் சொன்னவர் ஐரீன் ஒருவர்தான். நான் அதைக் கட்டுரையாக எழுதக் கேட்டேன். "எய்திக்கோ. பேரு போடாத, மூஞ்சி போடாத. கூட்டத்துல நானே எந்திரிச்சி பேசறேன், அப்போ தெரிஞ்சா போதும்," என்றார். என் ஞாபகத்துக்கென்று ஒரு படம் மட்டும் எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார், கொடிக்குக் கீழே நின்று சிரிக்கிற படம்.

கட்டுரையைக் கொடுத்தபோது, அப்படி ஓர் ஆள் நிஜமாகவே இருக்கிறாரா என்று தெரிய வேண்டும் என்று ராசையா படத்தைக் கேட்டார். ஆசிரியர் கேட்டால் காட்டலாம் என்று படித்திருந்ததால் அனுப்பினேன். வேறு யாருக்கும் அனுப்பவில்லை. அதே கிடங்கின் விளம்பரம் எங்கள் பின்னட்டையில் மாதாமாதம் வருவது எனக்கு அப்போதே தெரியும். அதன் பிறகு கட்டுரை அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிவைக்கப்பட்டது. காய்ச்சலோடு போனாலும் உட்காரவைத்து வேலை வாங்குகிறவர், திடீரென்று "நாளைக்கு லீவு போட்டுக்கோ பிள்ள" என்றார். பூனை சைவமாகிவிட்டது என்று மனதுக்குள் நினைத்தேன். ஆனாலும் லீவு எடுத்துக்கொண்டேன்.

லீவு முடிந்த மறுநாள் காலை, ஐரீன் தெருவிலும் மீன் சந்துகளிலும் ஐரீன் இறந்துவிட்டதாகக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். நான் எடுத்த படம். அடக்கம் என்று போட்டிருந்த நாள், கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும் நாள். அவர் வீட்டுக்கு ஓடினேன். எனக்கு முன்பே எண்ணூரிலிருந்து அவருடைய சித்தி மாலையோடு வந்து வாசலில் மாரடித்து அழுதுகொண்டிருந்தார். கதவைத் திறந்தது ஐரீனே. "யாருக்கு இன்னா ஆச்சி, ஏன் அயுவுற?" என்று கேட்க, சித்தி மாலையைக் கீழே போட்டுவிட்டு, "உனுக்குத்தாண்டி அயுவுறேன்!" என்றார். அதன் பிறகு சவரிநாதன் துறைமுகத்திலிருந்து வண்டியில் வந்து இறங்கினார். மனைவியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் விடவில்லை.

யாரோ கிழித்து வந்த போஸ்டரை ஐரீன் வாங்கிப் படித்தார். "ஆராதனையாமே! நம்மாளுங்களுக்கு எவன்டா ஆராதனை வெப்பான்? செத்தா பூசைகூட கெடியாதா எனக்கு?" என்று கத்தினார். அந்தச் சொல்லைக் கேட்டதும் அது எந்த அறையில் தயாரானது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் என்னைப் பார்த்து, "நீ உள்ள வராத. அந்த போட்டோ உங்கையிலதான் கீது," என்று கதவைச் சாத்தினார். போஸ்டரைப் பார்த்தபோது வராத அழுகை அப்போதுதான் வந்தது.

அதன் பிறகு நேராக அச்சகத்துக்குப் போனேன். ராசையா காபி வாங்கிக் கொடுத்தார், அதுவும் முதல் தடவை. "பழகுததுக்குப் போட்டுப் பாத்தேன், தெரியாம அச்சுக்குப் போயிட்டுன்னு சொல்லிரு. வெளிநாட்டுப் பிள்ள, ஒண்ணும் செய்ய மாட்டாவ. சர்டிபிகேட் நல்லபடியா எழுதித் தாரேன்," என்றார். நான் மாட்டேன் என்றேன். அன்று மாலையே, போஸ்டரை நான்தான் செய்தேன் என்று அவர் இந்த நிலையத்தில் சொல்லியிருப்பதாக அறிகிறேன்.

அதை நான் செய்யவில்லை. படம் என்னுடையது, அச்சகத்தில் வேலை தெரிந்தவளும் நானே, சந்தேகப்படுவதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் செய்திருந்தால் அதில் திருப்பலி என்று இருந்திருக்கும். பெற்ற தாய்க்கு எழுதினாலும் பகையாளிக்கு எழுதினாலும், ஒரு கத்தோலிக்கப் பெண்ணின் அடக்கத்துக்கு என் கை ஆராதனை என்று எழுதாது.

இதை எழுதிய நிலைய எழுத்தர் ரஹீமுன்னிசா அவர்கள் எனக்குப் படித்துக் காட்டியபோது, நான் அச்சகத்தில் போஸ்டர் வேலை செய்ததாகச் சொன்ன இடம் விடுபட்டிருந்தது. கேட்டதற்கு, "பயிற்சிக்குக் கடுதாசி கீது, இந்த வேலைக்கு இன்னா கீது? எய்தினா விசா பேஜாராய்டும் பாப்பா. வுட்டுட்டா பத்திரமா ஊருக்குப் போய்ச் சேரலாம்," என்றார். என் நன்மைக்குத்தான் சொன்னார். ஆனால் அந்த வேலையைச் செய்யாதவளுக்கு அந்த மாதிரியில் என்ன இருந்தது என்று எப்படித் தெரியும்? அதை எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது என் படம் மட்டும்தான். அதனால் சேர்த்து எழுதச் சொன்னேன், சேர்த்துவிட்டார்கள். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, அதையும் எழுதச் சொன்னேன்.

அதன் பிறகு, நான் இன்னார்தான் என்று சொல்ல உள்ளூரில் தெரிந்தவர் ஒருவர் வேண்டும் என்றார்கள். எனக்கு யாரும் இல்லை என்றேன். புகார் கொடுத்துவிட்டு இவ்வளவு நேரமும் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த ஐரீன் எழுந்து வந்து, "எனுக்குத் தெரியும் இவள. குடும்மா பேனாவ. நாளிக்கி கூட்டத்துல பேசணும், வூட்டுக்குப் போய்த் தூங்குறேன்," என்றார்.

மேலே எழுதியிருப்பது நான் சொன்னதுதான், யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல, விட்டுப்போனதைச் சேர்த்த பிறகு முழுவதும் படித்துப் பார்த்து, உண்மை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) சாரா

சாராவை அறிவேன்:
(ஒப்பம்) ஐரீன், க/பெ சவரிநாதன், ராயபுரம். உயிருடன்.