போயி மூணு வருசம்

— கடைசிப் பக்கம் இல்ல சார், ஒங்க டிரஸ்டு புஸ்தகத்தோட அட்டையத் திருப்புங்க. அட்டையில நிக்கது நாந்தான். வடகரை சைதூன் பீவி. மூஞ்சி ஒத்து வருதான்னு பாத்துக்கிடுங்க.

— ஒங்களத் தெரியாதாம்மா? வீட்டுக்கு வந்து கேட்டு எழுதுனவனே இந்த முத்துச்செல்வம்தான். உக்காருங்க. தண்ணி தரட்டுமா?

— வேண்டாம் சார். கீழ ஆட்டோ நிக்குது. சாயங்காலம் அசர் தொழுகைக்குள்ள வீட்டுல இருக்கணும்னு சொல்லித்தான் ஜமாஅத்துல விட்டிருக்காக.

— தென்காசி வாரதுக்கெல்லாமா ஜமாஅத்து உத்தரவு?

— இப்ப அப்படித்தான். படத்துக்குக் கீழ என்ன போட்டிருக்கு? வாசிங்க.

— "கணவனை இழந்த நிலையிலும் கலங்காமல், தன் இரு குழந்தைகளுக்காக நாள்தோறும் மூன்று மைல் நடந்து ஒரு குடம் நீர் சுமக்கிறார் சைதூன்."

— மொத ரெண்டு சொல்லு. எம் மாப்ள மசூது சவூதியில தம்மாம்ல டிரைவர். நீங்க இத எழுதும்போது நல்லா சோறு தின்னுக்கிட்டு, வண்டி ஓட்டிக்கிட்டு இருந்தாக. நான் எப்ப சார் அவுகள எழந்தேன்?

— நான் எதையும் கையிலருந்து சேக்குத ஆளு இல்லம்மா. முறைன்னு ஒண்ணு இருக்கு. கேள்வியும் பதிலும் சொன்னது சொன்னபடி நோட்டுல இருக்கு. இந்தா. "வீட்டுக்காரர்?" அப்படின்னு கேட்டிருக்கேன். நீங்க, "இல்ல." "எத்தன வருசம்?" நீங்க, "போயி மூணு வருசமாச்சு."

— ஆமா, தம்மாமுக்குப் போயி மூணு வருசம். எங்க தெருவுல எந்த வாசல்ல நின்னு கேட்டாலும் இல்லன்னுதான் சொல்லுவோம். வீட்டுல இல்லாதவுகள இருக்காகன்னா சொல்ல முடியும்? ஒங்க கணக்குல பாத்தா, பள்ளியில பாங்கு சொல்லுத மோதினார் வீட்டத் தவிர எங்க தெரு பூரா கைம்பொண்ணுதான்.

— நான் வீரகேரளம்புதூர்க்காரன்மா. எங்க பக்கம் ஒருத்தர் போயி மூணு வருசம்னா, போய்ச் சேந்து மூணு வருசம்னுதான் அர்த்தம்.

— எங்க பக்கம் போறதுன்னா திருவனந்தபுரத்துல வெமானம் ஏறிப் போறது. போனா வருவாக.

— திரும்ப ஒரு தடவ கேட்டிருக்கணும். கேக்காம விட்டது என் தப்புதான்.

— கொடம் போகட்டும், அத நான் கேக்கவே வரல. எங்க வீட்டுல போர் இருக்கு, மோட்டாரு இருக்கு. தண்ணி உப்பு, அவ்வளவுதான். நீங்க வேன் வச்சுக் குத்தாலத்துக்குக் கூட்டிட்டுப் போயி, காஞ்சு கெடந்த அருவிக்குக் கீழ பாறையில நிக்க வச்சீய. டீக்கடைக் கொடத்தத் தூக்கி இடுப்புல குடுத்தீய. படம் எடுத்து முடிக்குமுன்ன டீக்கடைக்காரரு கொடத்தக் கேட்டு வந்து நின்னாரு. ஞாபகம் இருக்கா?

— இருக்கும்மா.

— எங்க தெருவுக்கு உப்பெடுக்குத மெசின் வரும்னீய, வந்துது. அந்தத் தண்ணியத்தான் குடிக்கோம். அதுக்கு நன்றி கெட்டுப் பேசல. ஆனா எதுக்கு சார் இப்படி எழுதணும்? தண்ணி உப்புன்னு எழுதுனா வராதா?

— வராதும்மா. நான் மொதல்ல எழுதுனது அதத்தான். பதினோரு பக்கம். எந்தக் கெணறு எத்தன அடி, எத்தன வீட்டுல பிள்ளைகளுக்குப் பல்லுல கறை, எல்லாம் வீடு வீடா ஏறி எழுதுனது. மதுரை ஆபீசுல திருப்பி அனுப்பிட்டாங்க. ஓரத்துல "இதில் மனிதர் எங்கே?"ன்னு செவப்பு மையில ஒரு கேள்வி.

— மனுசரத் தேடிப் புடிச்சு, அவரையும் கொன்னுட்டீயளே.

— சொல்லுங்க, கேட்டுக்கிடுதேன். பணம் குடுக்குத வெளிநாட்டுல ஜனங்க மாறிட்டாங்கம்மா. "எங்க ஊரு ஆசுபத்திரியிலயே கட்டில் இல்ல, ராக்கெட்டு விடுத நாட்டுக்கு நாங்க எதுக்குக் குடுக்கணும்"னு கேக்காங்களாம். அதனால மதுரையில மூணு நாள் பயிற்சி வச்சாங்க, வெளிநாட்டுப் பொதுமக்கள்கிட்ட எப்படிப் பேசணும்னு. ஆயிரம் பேருக்குக் கஷ்டம்னா பக்கத்தத் திருப்பிருவாங்க. ஒரு முகம், ஒரு பேரு, ஒரு இழப்பு. மூணும் ஒரே பக்கத்துல வரணும். ஒங்க வீட்டுக்கு வந்தப்ப முகம் கெடச்சுது, பேரு கெடச்சுது. மூணாவதத் தேடிக்கிட்டே ஒக்காந்திருந்தேன். நீங்க "இல்ல"ன்னதும் பேனா தானா ஓடிட்டு.

— சந்தோசப்பட்டீயளோ?

— பொய் சொல்ல மாட்டேன்மா. பட்டேன்.

— நெட்டுலயும் போட்டீயள்லா. அவுக ரூம்ல கீழப்பாவூர் ஆளு ஒருத்தரு பாத்துட்டு எல்லாருக்கும் காட்டிட்டாரு. பொணத்துக்கு எங்க பேச்சு மையத்து. அன்னைலருந்து கேம்ப்ல அவுக பேரே மையத்துதான். "மையத்து வந்துட்டு, சோறு வைங்கப்பா"ம்பாகளாம். வண்டிச் சாவி குடுக்குத மேஸ்திரிகூட அப்படித்தான் கூப்புடுவானாம். மொதல்ல அவுகளும் சேந்து சிரிச்சாக. பொறவு ஒரு நாள் போன்ல, "என்னக் கொன்னு மவுத்தாக்கித்தான் தண்ணி வாங்குனியா சைதூனு?"ன்னு கேட்டாக. நான் என்ன சொல்ல? மக மிஸ்ரியா பக்கத்துல உக்காந்து பாடம் எழுதுதா.

— இப்ப பேசுதாங்களா?

— பேசி பத்து நாளுக்கு மேல ஆச்சு.

— கோவம் இன்னும் தீரலையோ?

— கோவம்லாம் தீந்துட்டு சார்.

— பொறகென்ன, ஊருக்கு ஒரு நடை வரச் சொல்லுங்க. நேர்ல பாத்தா எல்லாம் சரியாயிரும்.

— வரத்தான் அங்கன காத்துக் கெடக்காக. நீங்க காயிதம் குடுத்தா வந்துருவாக.

— என்ன காயிதம்?

— நீங்க எழுதுனது தப்பு, அப்ப மசூது உசிரோட இருந்த ஆளுன்னு ஒரு காயிதம். சீலு வச்சு. அவுக கம்பெனிக்காரன் கையில குடுக்கணும்.

— போன வருசம் நீங்க போன் பண்ணிச் சொன்ன அன்னைக்கே நான் முறைப்படி மதுரைக்கு எழுதிட்டேன்மா. அங்க ஆபீசுப் பொறுப்புல இருக்குத ஆனந்தவள்ளி மேடம் மேலிடத்துக்கு எழுதுனாங்க. பதிலும் வந்துருக்கு. வாசிக்கேன், கேளுங்க. "ஒரு கதை பிழையென்று நாமே ஒப்புக்கொண்டால், எல்லாக் கதைகளும் பிழையென்றே பொதுமக்கள் கொள்வர். எனவே மறுப்பு வெளியிட வேண்டாம். அடுத்த பதிப்பில் படத்தை மாற்றிக்கொள்க."

— அடுத்த பதிப்பு எப்ப?

— நாலு மாசத்துல வந்துரும். அப்ப நீங்க நேர்ல வாங்க, புதுப் புஸ்தகத்தையே ஒங்க கையில தாரேன்.

— நாலு மாசத்துக்கு என்னால வர முடியாது சார். இன்னைக்கு விட்டா இல்ல.

— ஏன்மா, ஒடம்புக்கு ஏதும்?

— ஒடம்புக்கு ஒண்ணுமில்ல.

— ஒங்களுக்குப் புரியணும். இன்னும் ஏழு ஊருக்கு மெசின் வரணும். உப்புத் தண்ணியக் குடிச்சுட்டு ஏழு ஊரு நிக்குது. இந்தப் படத்தக் காட்டித்தான் அங்க கேக்காங்க. இந்த ஒரு வரி தப்புன்னு நான் சீலு வச்சுக் குடுத்தா, அந்த ஏழும் போச்சு.

— ஏழு ஊருக்கும் தண்ணி வரட்டும் சார். நான் தடுக்கல. எனக்கு ஒரு ஆளு வரணும். அம்புட்டுத்தான்.

— குடுத்தா என் வேலையும் போயிரும்மா.

— ஆட்டோக்காரரு ஆரன் அடிக்காரு. முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிருங்க. போயிருதேன்.

— இருங்கம்மா. சீலு மேடம் பீரோவுல இருக்கு, சாவி மதுரையில. என் கையெழுத்துதான் போட முடியும். வேல போனாப் போகட்டும்.

— சீலு இல்லாமச் செல்லுமா?

— தெரியலம்மா. செல்லாதுன்னுதான் நெனைக்கேன்.

— எழுதுங்க. வேற என்ன இருக்கு.

— எழுதிக்கிட்டே வாசிக்கேன், தப்பு இருந்தா அப்பவே சொல்லிருங்க. இந்தத் தடவ ரெண்டு தரம் கேட்டுத்தான் எழுதுவேன். "பொருள்: வடகரை திரு. மசூது அவர்களைப் பற்றிய பிழையான செய்தி. ஐயா, சென்ற ஆண்டு எங்கள் வெளியீட்டில் திருமதி சைதூன் பீவி கணவனை இழந்தவர் என்று அச்சானது தவறு. அத்தவறு என்னுடையது. திரு. மசூது அவர்கள் அப்போது உயிருடன் இருந்தார். இப்போதும் உயிருடன் இருக்கிறார்." சரிதானம்மா?

— கடைசி வரிய அடிச்சிருங்க.

— "இப்போதும் உயிருடன் இருக்கிறார்"ங்கறதயா? அத எடுத்துட்டா, அப்ப இருந்தாரு, இப்ப இல்லைன்னுல்லா அர்த்தம் வந்துரும்.

— அந்த அர்த்தம்தான் சார் வரணும்.

— என்னம்மா சொல்லுதீங்க?

— முந்துன வெள்ளிக்கிழம. வண்டி ஓட்டும்போதே நெஞ்சடச்சு மவுத்தாயிட்டாக. அங்கன ஆசுபத்திரியில ஐஸ் பொட்டியில வச்சிருக்காக. மையத்த அனுப்பி வைங்கன்னு நான் கையெழுத்துப் போட்ட பேப்பரக் கம்பெனியில வாங்க மாட்டேங்கான். "மசூது செத்து அவன் பொண்டாட்டி விதவைன்னு போன வருசமே நெட்டுல வந்துட்டு, இது எந்த மசூது, நீ எந்தப் பொண்டாட்டி"ன்னு கேக்கான். மாப்ள மவுத்தானா பொம்பள நாலு மாசம் பத்து நாளு இத்தா இருக்கணும் சார், வாசல் தாண்டக் கூடாது. இந்தக் காயிதத்துக்காகத்தான் ஜமாஅத்துல கேட்டு அசர் வரைக்கும் வாங்கிட்டு வந்தேன்.

— வந்து உக்காந்ததுமே சொல்லிருக்கலாம்லாம்மா. இவ்வளவு நேரம் நான் என்னென்னமோ பேசிட்டேன். ஏன்மா சொல்லல?

— சொன்னா அதையும் எழுதிருவீயளே சார்.