விலக்குப் பட்டியலில் ஒரு கோப்பு

மேடையில் வீற்றிருக்கும் நிறுவனத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அண்ணி அவர்களே, ஒரே அறையில் அவரோடு உழைத்த தோழர்களே, வணக்கம்.

நம் மூத்த பொறியாளரை, நாமெல்லாம் "வாட்ச்மேன்" என்று கூப்பிட்ட அண்ணனை, இழந்து நிற்கிறோம். ஏன் அந்தப் பெயர்? நாம் எழுதும் மென்பொருள் கோப்பில் ஒரு புள்ளியை மாற்றிச் சேமித்தாலே போதும். அவர் எழுதிய நிரல் காவல்காரன்போல அதைக் கண்டுகொண்டு, சோதனைகள் அத்தனையையும் தானாகவே ஓட்டும். தவறிருந்தால் திரை சிவந்துவிடும். "மனுஷன் மறப்பான்யா, அதுக்குத்தான் இது" என்பார். எத்தனை முறை திட்டியிருப்போம்! "அண்ணே, நிம்மதியா ஒரு வரி எழுத விடுங்களேன்" என்று நானே சண்டை போட்டிருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டே டீயை நீட்டுவார்.

ஆறு வருடங்களுக்கு முன் ஒரு மருத்துவமனைக்கு நாம் செய்துகொடுத்த மென்பொருள், குழந்தைகளின் மருந்தளவைப் பத்து மடங்காகக் காட்டியது நினைவிருக்கிறதா? ஒரு நர்ஸ் சந்தேகப்பட்டதால் ஒரு குழந்தை பிழைத்தது. அண்ணனின் கவனக்குறைவு என்று முடிவானது. தலைமைப் பொறுப்பு போயிற்று, மூலை மேசைக்கு மாற்றப்பட்டார்.

போன வாரம் அண்ணி என்னிடம் கேட்டார்: "கடைசி வரைக்கும் அதையே நெனச்சிட்டிருந்தாருப்பா. அவ்வளவு பெரிய தப்பை எப்படிப் பண்ணாரு?"

அண்ணி, அவர் பண்ணவில்லை. பண்ணியவன் நான்!

சோதனை ஓடும் நாற்பது வினாடிகூட எனக்கு அன்று பொறுக்கவில்லை. எந்தக் கோப்பைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று நிரலுக்குச் சொல்லும் விலக்குப் பட்டியல் ஒன்று உண்டு. மருந்தளவுக் கோப்பை அதில் சேர்த்தேன். அப்புறம் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன், மறந்தேன். அந்தக் கோப்பில் நான் இடம் மாற்றி வைத்த தசமப் புள்ளி சோதனைக்கே போகவில்லை. மருத்துவமனையிலிருந்து புகார் வந்ததும் அண்ணன் கண்டுபிடித்துவிட்டார். படிக்கட்டுக்குக் கூட்டிப்போய்ச் சொன்னார்: "உனக்குக் கொழந்தை பொறந்து பத்து நாள்தான் ஆகுது. உன்னை வெளிய அனுப்பிடுவாங்க. என்னைக் கீழ இறக்குவாங்க, அவ்வளவுதானே? பட்டியலை யார் வேணா திருத்தலாம்னு விட்டவன் நான்தானே? பேசாம இரு."

பேசாமல் இருந்தேன். ஆறு வருடம் இருந்தேன்! இதைவிடக் கேவலம் உண்டா?

தலைவர் அவர்களே, என்னை வைத்துக்கொள்வதும் அனுப்புவதும் உங்கள் முடிவு. இருக்கும்வரை அந்த நிரலைப் பார்த்துக்கொள்வேன். இருவர் ஒப்புக்கொள்ளாமல் அந்தப் பட்டியலில் இனி எதையும் சேர்க்க முடியாதபடி நேற்று மாற்றிவிட்டேன். மாற்றத்துக்கான காரணத்தை எழுதும் இடத்தில், அன்று நான் செய்ததை என் பெயரோடு எழுதியிருக்கிறேன். அண்ணி, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவர்கள் அப்பா மேசையிலேயே உட்காரவைத்து, அதை நான் படித்துக் காட்டுகிறேன்.