மேட்டுக்கொட்டாயில் கரண்டு குடிப்பது யார்

இல்ல சார், அந்த மேப்பு பொய் சொல்லும். மேட்டுக்கொட்டாய்க்கு நல்ல ரோடு இருக்குதுன்னு அதுக்கு எவனோ சொல்லிட்டான், அதுவும் நம்பிக்கினு நீலமா கோடு போடுது. மூடி வெச்சுட்டு நல்லா சாஞ்சு உக்காருங்க. இன்னிக்குப் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்த விட்டுட்டு எந்த ஆட்டோக்காரன் சார் கீழ்பென்னாத்தூர் தாண்டி கல்லுலயும் முள்ளுலயும் வருவான்? நீங்க வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் வாசல்ல கைய நீட்டிக்கினு நின்னா நின்னுக்கினே இருக்க வேண்டியதுதான். நான் நிப்பாட்டினேன், ஏன்னா அது என் ஊரு. அன்புச்செல்வி ஆட்டோன்னு கேட்டா அங்க கொழந்த கூட சொல்லும். உங்க அதிர்ஷ்டம்னு வெச்சுக்கோங்க.

இன்னா கேட்டீங்க? ஆமா சார், எங்க சமுதாயக் கூடத்து மேலதான் அந்த சோலார் பலகைங்க இருக்குது. ஊருக்குச் செலவு கம்மியாகட்டும்னு உங்க திட்டத்துல போட்டுக் குடுத்ததுதான். கூடத்துக்கு லைட்டு, ஃபேனு, புள்ளைங்க பாடம் பாக்க ஒரு டிவி. நல்ல காரியம். ரிப்பன் வெட்டின அன்னிக்கி கேசரி கூட போட்டாங்க, முந்திரிதான் கம்மி.

ஆமா, பூட்டித்தான் கெடக்குது. ரிமோட்டு காணாம போனதுல இருந்து ஒருத்தரும் அந்தப் பக்கம் போறதில்ல.

அப்படியா? மெட்ராஸ்ல உக்காந்துக்கினே எங்க ஊரு மீட்டரு தெரியுதா உங்களுக்கு? பூட்டின கூடத்துல தெனமும் மத்தியானம் கரண்டு எறங்குதா? அய்யய்யோ, கேக்கவே பயமா இருக்குதே.

கழட்டிடுவீங்களா? எல்லா பலகையும்? யாரு எடுக்கறான்னு இன்னிக்குத் தெரியலைன்னா வேற ஊருக்கு மாத்திடுவீங்க. ம். சரி, அது உங்க ரூலு. இல்ல சார், நான் ஒன்னும் அழுவல, புழுதி.

மத்தியானம்னா சொன்னீங்க? உச்சி வேளையில காத்து கருப்பு நடமாடும்னு எங்க ஊருல சொல்லுவாங்க. அத எழுதிக்கோங்களேன். ஏன் சிரிக்கறீங்க, மீட்டர்ல தெரியறது எல்லாம் மனுசந்தான்னு யாரு சொன்னது? சரி, பேய் வேணாம், விடுங்க. ஆதிமூலம்னு ஒருத்தர் இருக்காரு, கூடத்துச் சாவி அவருகிட்டதான். சாப்ட்டதும் உள்ள போயி ஃபேன போட்டுக்கினு படுத்துடுவாரு. ஒரு ஃபேனுக்கு அவ்ளோ எறங்காதா? ஆளு கொஞ்சம் குண்டு சார். காத்து ஜாஸ்தி வேணும் அவருக்கு.

அது கெடக்கட்டும், ஊருக்குப் போனா தானா தெரியப்போவுது. உங்க டேப்லெட்டுல வேற இன்னா இருக்குது, படிங்க, தூரம் தெரியாம போவும். இன்னா தலைப்பு, 'குக்கிராமங்களில் எரிசக்திச் செலவைக் குறைக்கும் வழிகள்'னா? அடேயப்பா, சொல்றப்பவே பாதி கொறைஞ்ச மாதிரி இருக்குது. மொத வழி இன்னா? எல்இடி பல்பா? அது எப்பவோ மாத்திட்டோம் சார். வூட்டுக்கு நூறு யூனிட்டு சும்மாவே குடுக்கறாங்க, கழனி மோட்டாருக்கும் காசு கெடையாது. எங்க வூட்டு பில்லப் பாத்து கரண்டு ஆபீஸ்காரரே பாவப்படுவாரு. அதுல இன்னும் எதைக் கொறைக்கப் போறீங்க?

அடுத்தது சாண எரிவாயு. நல்ல யோசனை. அதுக்கு மாடு வேணுமே சார். மாட்ட வித்துட்டுத்தான எல்லாரும் மொபட்டு வாங்கினது. மிச்சம் இருக்கற மாட்டுச் சாணிக்கு எருவுக்கு வேணும்னு கழனிக்காரங்க அடிச்சுக்கறாங்க. சாணி போடற மொபட்டு எவனாச்சும் கண்டுபிடிச்சா சொல்லுங்க, மொத ஆளா எங்க ஊருல வாங்கிக்கறோம்.

சிலிண்டர் மானியமா? வேணாம்னா சொல்லப்போறோம்? குடுங்க. ஆனா சிலிண்டர் வண்டி ஊருக்குள்ள வராது சார். மெயின் ரோட்டுலயே எறக்கி வெச்சுட்டு ஆரன் அடிச்சுட்டுப் போயிடுவான். அத வூட்டுக்குக் கொண்டார எவன் மொபட்டுக்காவது பெட்ரோல் ஊத்தணும். மானியம் பேங்குல ஏறும், பங்க்குல எறங்கிடும்.

அதத்தான் நானும் சொல்லிக்கினே வரேன். எங்களுக்கு அடுப்புலயும் பல்புலயும் எரியறத விட ரோட்டுலதான் ஜாஸ்தி எரியுது. ரேஷனுக்குப் போனா பெட்ரோலு, ஊசி போடப் போனா பெட்ரோலு, மல்லாட்ட மூட்டைய, அதான் சார் வேர்க்கடல, மண்டிக்கு ஏத்தினா பெட்ரோலு. மூட்ட வித்த காசுல பாதிய மூட்டையே சாப்ட்டுடுது. அத உங்க டேப்லெட்டுல எங்க போடுவீங்க?

பஸ்சா? கரெக்ட்டு சார், பஸ்ல பொம்பளைங்களுக்கு ஃப்ரீ. பஸ்சே வராத ஊருல ஆம்பளைங்களுக்கும் ஃப்ரீதான்.

என் வண்டியா? மைலேஜா? பொம்பளகிட்ட வயசும் ஆட்டோக்காரிகிட்ட மைலேஜும் கேக்கக் கூடாது சார். கீழ்பென்னாத்தூர் வந்துடுச்சு, கொஞ்சம் நவுந்து உக்காருங்க. ராஜம்மாள்க்கா நிக்குது, எங்க ஊருதான். ஏறுக்கா, சார் பக்கத்துலயே உக்காரு. பைய கீழ வெய்யி. சக்கரைக்கு மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்கு வந்துச்சு சார். அக்கா, இவரு மெட்ராஸ் இன்ஜினியரு. நம்ம கூடத்துக் கரண்ட மத்தியானத்துல யாரு எடுக்கறாங்கன்னு கண்டுபிடிக்க வந்திருக்காரு. எக்கா! பல்லு வலின்னியே, வாயத் தொறக்காத. காத்து பட்டா ஜாஸ்தியாயிடும். அது ஒன்னும் இல்ல சார், வலி தாங்காம குலுங்குது. சிரிக்கற மாதிரிதான் தெரியும்.

நெசமா ஒன்னு சொல்றேன். மாத்திரை ஃப்ரீதான் சார். அத வாங்கப் போயிட்டு வர்றதுக்குத்தான் காசு. முன்ன இங்க வர்ற டீசல் ஆட்டோ, ஆள் சேந்தாத்தான் எடுப்பான், இல்லைன்னா தனிச் சவாரின்னு வாய்க்கு வந்தத கேப்பான். அதனால அக்கா ஒரு மாசம் போவும், ரெண்டு மாசம் போவாது. கால்ல புண்ணு வந்து ஒரு வெரல எடுத்துட்டாங்க. காட்டுக்கா. வேணாமா, சரி. அன்னிக்கி நான் ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்து அழுதேன் சார், கூடப் பொறந்தவ கூட இல்ல, பக்கத்து வூடுதான். இப்ப ஒரு மாசம் கூட தவறதில்ல. டீ காசு குடுத்தா ஏத்திக்கினு போயி கொண்டாந்து விட்டுடறேன். பலராமன் பொண்ணு ஆர்த்தி நர்சிங் படிக்கப் போவுது, அதுக்கும் அதே டீ காசுதான்.

எப்படிக் கட்டுப்படி ஆவுதுங்கறீங்களா? நல்ல கேள்வி. இதோ, ஊரே வந்துடுச்சு.

பாத்து எறங்குங்க, ஆதிமூலத்து ஆடு முட்டும். அதான் கூடம். பலகைங்க எப்படி மின்னுது பாத்தீங்களா? வாராவாரம் ஏறித் தொடைக்கறது நான்தான். பறவ எச்சம் பட்டா சரியா ஏறாது சார், உங்களுக்குத் தெரியாததா. அப்படியே அந்த சீட்டுக்கு அடியில கைய விட்டு வயர எடுத்துக் குடுங்க. அது அக்கா பையி. அந்தக் கறுப்பு வயரு, குண்டா இருக்கும். ஆங், அதேதான். ஜன்னலுக்குள்ள பிளக்கு பாயிண்ட்டு இருக்குது, கைய விட்டா எட்டும்.

ஆமா சார். நான்தான்.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? பேட்டரி வண்டின்னு தெரியலையா? நம்பர் பிளேட்டே பச்சையா இருக்குது. டேப்லெட்ட விட்டுத் தலையத் தூக்கியிருந்தா தெரிஞ்சிருக்கும். நீங்க வர்றீங்கன்னு பஞ்சாயத்து ஆபீஸ்ல தெரிஞ்சு பத்து மணியில இருந்து உங்களுக்காகத்தான் கலெக்டர் ஆபீஸ் வாசல்ல காத்துக்கினு நின்னேன். வழியெல்லாம் வாய் பேசினதே பயத்துலதான் சார். இப்பவும் பயந்தான். நீங்க பலகையக் கழட்டினா இந்த வண்டிய நான் வித்துடணும். அக்கா மறுபடி மூணு மாசத்துக்கு ஒரு வாட்டி போவும்.

திருட்டுன்னு எழுதுங்க, நாலாவது வழின்னு எழுதுங்க, உங்க இஷ்டம். நான் கையெழுத்துப் போட்டுத் தரேன். ஆனா ஒன்னு சார். விடியக்காலையில கோயிலுக்கு ரெண்டு சவாரி அடிச்சது, உங்கள ஏத்திக்கினு வந்தது, எல்லாம் சேந்து பேட்டரி சுத்தமா படுத்துடுச்சு. மொபட்டு வெச்சிருக்கறவன் எல்லாம் கிரிவலத்துக்குக் கெளம்பிட்டான். மெயின் ரோட்டுக்கு நடந்தே போலாம், போட்டிருக்கற ஷூதான் பாவம். சாயந்திரம் மெட்ராஸ் பஸ்ஸு புடிக்கணும்னீங்க இல்ல?

பிளக்கு உங்க கையிலதான் இருக்குது. பலகையக் கழட்டறதா, இத சொருவறதா, சட்டுனு சொல்லுங்க சார், வெயிலு எறங்கிக்கினு போவுது.