இருநூற்றுப் பதினான்காம் தாள்

பழைய தாளைத் தொடுவதற்குக் கையுறை வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். வேண்டியதில்லை, மேடம். சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்த கை போதும். கையுறை போட்டால் தாளின் ஓரம் விரலுக்குத் தெரியாது, கிழித்துவிடுவோம். என் மேஜை இழுப்பறையிலிருந்து எடுத்துவந்த தாளை நீங்கள் கையுறையோடுதான் பிடித்திருக்கிறீர்கள். அதை மட்டும் கீழே வைத்துவிட்டால் நான் நிம்மதியாகப் பேசுவேன்.

நான் சேர்ப்பது ஒற்றைத்தாள் பாட்டுகள். அந்தக் காலத்தில் ஆற்றில் வெள்ளம் வந்தால் ஒரு பாட்டு, ரயில் கவிழ்ந்தால் ஒரு பாட்டு, புருஷனுக்கு விஷம் வைத்தவள் பிடிபட்டால் ஒரு பாட்டு. ஒரு பக்கம் மட்டும் அச்சடித்து, சந்தையிலும் ரயிலடியிலும் பாடிப் பாடி விற்பார்கள். வாங்கியவன் படித்துவிட்டுப் பொட்டலம் கட்டிவிடுவான். அதனால்தான் அதிகம் மிஞ்சவில்லை. முப்பத்தோரு வருஷம் நாயாய் அலைந்து அறுநூற்று எட்டுத் தாள் சேர்த்தேன். இடையில் என் மனைவி, நான் தாளைத்தான் கட்டிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் போன தேதி நினைவில்லை. அன்று கிடைத்த தாளின் எண் நினைவிருக்கிறது, தொண்ணூற்று மூன்று.

ஒவ்வொரு தாளுக்கும் ஓர் அட்டை உண்டு. தலைப்பு, அளவு, அச்சகம், கொடுத்தவர் யார், எந்த நாள், எத்தனை மணி. வாயால் ஆயிரம் பொய் சொல்லியிருப்பேன். அட்டையில் ஒன்றுகூட எழுதியதில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இருநூற்றுப் பதினான்கு என்பது பாலம் உடைந்த பாட்டு. என் தாளில் அடிப்பக்கம் இரண்டு விரல் அகலத்தைப் பூச்சி தின்றுவிட்டது. எழுதியவர் பெயரும் அதோடு போயிற்று. பாட்டு முழுக்க, குற்றம் ஆற்றின் மேல்தான், ஆட்கள் மேல் இல்லை என்று வரும். ஆற்றோடு பிறந்து வளர்ந்தவன்தான் ஆற்றை இவ்வளவு உரிமையாகத் திட்ட முடியும்; ஆகவே எழுதியவர் கரையில் நின்று கண்ணால் கண்ட ஒரு படகோட்டி. இதைப் பன்னிரண்டு பக்கத்தில் நிறுவினேன். உலகில் எஞ்சியுள்ள ஒரே பிரதி இது என்றும் எழுதினேன். என் அட்டவணை புத்தகமாக வந்தபோது எல்லோரும் அந்தப் பன்னிரண்டு பக்கத்தைத்தான் புகழ்ந்தார்கள். அடுத்த மாதம் நூலகத்தில் என் சேகரிப்புக்கென்று ஓர் அறை திறக்கிறார்கள். நடுவில், கண்ணாடிக்குள், இருநூற்றுப் பதினான்கு.

பைண்டரைப் பற்றிக் கேட்டீர்கள். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். கிழிந்த தாளை அவர் ஒட்டினால் ஒட்டிய இடம் எனக்கே தெரியாது. என் வீட்டு மருந்தறையும் அவர் யோசனைதான். பழைய குளியலறையின் ஜன்னலை அடைத்து, கதவு ஓரத்தில் ரப்பர் பட்டை வைத்து, தாள்களைத் தொங்கவிடக் கொடி கட்டினோம். பூச்சிக்கு மருந்துப் புகை போட்டிருக்கும்போது வாசலில் சிவப்புப் பலகை தொங்கும். தாழ்ப்பாள் வெளிப்பக்கம்தான். அதையும் அவரே முடுக்கினார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் வந்தார். ஒரு பழைய பள்ளிப் பதிவேட்டின் அட்டையைப் பிரித்திருக்கிறார். அந்தக் காலத்து அட்டை, வீணான தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிச் செய்தது. தண்ணீரில் ஊறவைத்தால் தாள் தாளாகக் கழன்று வரும்.

"சார், உங்க இருநூத்திப் பதினாலுக்கு ஒரு தம்பி கெடைச்சிருக்கான்," என்றார். "முழுசா இருக்கான், தலையிலேர்ந்து கால் வரைக்கும்."

காலில் அச்சாகியிருந்தது: இயற்றியவர், பாலக் கம்பெனிக் குமாஸ்தா.

"உங்க படகோட்டி குமாஸ்தாவாம் சார்." வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கம்பெனிக்காரனே எழுத வெச்சிருப்பான். ஆத்து மேல பழி போட்டா ஆறு வந்து கேக்கவா போகுது?"

பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "யாருகிட்டயும் காட்டல. எம் பொண்ணுக்குக்கூடத் தெரியாது. நீங்களே வெச்சுக்கோங்க. ரூம் தொறக்கட்டும், அப்புறம் மெதுவா பாத்துக்கலாம்."

நீங்கள் விசாரணை செய்பவர், உங்களுக்குப் புரியும். சொல்லும் எண்ணமே இல்லாதவன், யாரிடமும் சொல்லவில்லை என்று எதற்காகச் சொல்கிறான்? மெதுவாக என்றால் எப்போது? இரண்டு மாதம் முன்பு இருநூற்றுப் பதினான்கின் அளவை என்னிடம் கேட்டார். அப்போது சாதாரணமாகத்தான் பட்டது. முந்தின வாரம் இரண்டு நாள் வரவில்லை, காய்ச்சல் என்றார். காய்ச்சல் வந்தவன் முகமா அது? மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். என் மடியில் பன்னிரண்டு பக்கம் இருந்தது.

அன்று காலையில்தான் மருந்து வைத்திருந்தேன். அவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது போய்ச் சிவப்புப் பலகையைக் கழற்றினேன்.

"ஊறின தாள், பூச்சி முட்டை இருக்கும். மருந்தறையில மாட்டிடுங்களேன்," என்றேன்.

பசை கிண்டிக் கிண்டி அவருக்கு மோப்பம் போய் வருஷக்கணக்காயிற்று. உள்ளே போனார். தாழ்ப்பாளைப் போட்டேன்.

"சார், கதவு மாட்டிக்கிச்சு," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சார்," என்று மட்டும். பிறகு விரல் முட்டியால் தட்டினார். புத்தகத்தின் முதுகு காய்ந்துவிட்டதா என்று தட்டிப் பார்ப்பாரே, அதே தட்டல்தான். அழைப்பிதழ்கள் தபாலில் சேர்க்க வேண்டியிருந்தது, எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தபால் நிலைய வரிசையில் ஒரு கர்ப்பிணிப் பெண் நின்றிருந்தாள். அவளை எனக்கு முன்னால் விட்டேன்.

திரும்பி வந்து ஒரு மணி நேரம் மின்விசிறி ஓடவிட்ட பிறகுதான் உள்ளே போனேன். அவர் தரையில் கிடந்தார். தாள் கொடியில் இருந்தது. நான்கு மூலையிலும் கிளிப், ஒரு சுருக்கம் இல்லை. விழுவதற்கு முன் மாட்டியிருக்கிறார். நல்ல வேலைக்காரர், அதை நான் மறுக்க மாட்டேன்.

இரண்டே முக்காலிலிருந்து நான் தபால் நிலையத்தில் இருந்தேன், அவரிடம் இருந்த சாவியால் திறந்து வந்திருக்கிறார், பலகை கீழே விழுந்துவிட்டது என்று உங்களிடம் சொன்னேன். நீங்களும் நம்பினீர்கள். அவர் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பெரியப்பா, உங்க ரூம் தொறக்குற அன்னிக்குப் போட்டுக்க அப்பா புதுச் சட்டை தெச்சு வெச்சிருந்தார்," என்றாள். நான் அழுதேன். அது நடிப்பில்லை.

மீதி இருந்தது தாள் ஒன்றுதான். மூன்று முறை அடுப்பைப் பற்றவைத்தேன், மூன்று முறையும் அணைத்தேன். அதற்கப்புறம் வேறு தொல்லை. அட்டை எழுதாத ஒரு தாள் வீட்டில் இருக்கிறது என்றால் எனக்குச் சோறு இறங்காது. ஒன்பதாம் நாள் எழுதினேன். இருநூற்றுப் பதினான்கு அ. முழுப் பிரதி. கொடுத்தவர், பைண்டர், நேரில். செவ்வாய், மதியம் மூன்று பத்து.

அதைத்தான் நீங்கள் இன்று காலை படித்தீர்கள். வேறு நேரம் எழுதியிருக்கலாமே என்கிறீர்கள். அட்டையில் எப்படி எழுதுவது?

இந்தத் தாளை எரித்திருந்தால் தப்பித்திருப்பேன், அதுவும் தெரியும். ஆனால் யோசித்துப் பாருங்கள், மேடம். நூறு வருஷத்துக்கு மேல் ஓர் அட்டைக்குள் மூச்சடைத்துக் கிடந்து, எப்படியோ பிழைத்து வந்திருக்கிறது. அதைப் போய் அழிக்க எனக்கு மனசு வருமா? நான் அவ்வளவு இரக்கமில்லாதவன் இல்லை.