அதே பேரு, வேற ஆளு

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் ஓர் அப்பாவும் அவருடைய எட்டு வயது மகளும் இருந்தார்கள். பல வருடம் துபாயில் இருந்துவிட்டு, போன வாரம்தான் அவர் ஊர் திரும்பியிருக்கிறார் என்று பேச்சிலிருந்து புரிந்தது. ஒட்டுக்கேட்பது தப்பென்று, மடியில் தூங்கும் என் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அவர் வாங்கிவந்த சூப்பர் ஹீரோ பொம்மையைப் புரட்டியபடி அந்தப் பெண் சத்தமாகச் சொன்னாள்:

"வாப்பா, இது பழைய ஆளு."

"நான் போறப்ப இவன் பேரச் சொன்னாத்தானம்மா நீ சோறே சாப்புடுவே?"

"அப்ப செவப்பு டிரஸ், ஜோக்கடிப்பாரு. இப்ப வேற ஆளு நடிக்கிறாரு. கருப்பு டிரஸ், சிரிக்கவே மாட்டாரு. கார்ட்டூன்ல பாத்தா அவரு ஸ்கூல் பையன்."

"அப்ப இவன் யாரு?"

"இவரும் அவருதான். அதே பேரு. ஆளத்தான் மாத்திக்கிட்டே இருப்பாங்க."

"ஒனக்கு ஒருமாதிரி இல்லையா?"

"மொதல்ல அழுவாச்சியா வந்துச்சு. பாதிப் படத்துல பழகிடிச்சு."

அவர் தன் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டார்.

"வாப்பா பழகிட்டேனா?"

"ஃபோன்ல எப்பவும் தொப்பி போட்டிருந்தீங்க. முடி இல்லன்னு சொல்லவே இல்ல."

"அதான் கிட்டயே வர மாட்டேங்கிறியா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"போன வாரந்தான வந்தீங்க? இன்னும் பாதிப் படங்கூட ஆவல. இருங்க வாப்பா."

சொல்லிவிட்டு, அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.