நாலு வரிக்கு மேல

வெல்டர்: இந்தக் காலத்துல எவன் முழுசா எழுதுறான்? நாலு வரி. அஞ்சாவது வரிக்குக் கை சுளுக்கிடும் போல. எல்லாம் சோம்பேறிக் கூட்டம்.

கண்டக்டர்: ஐயா, மாடிப்படியிலயே நின்னு திட்டுறீங்களே. உள்ள வந்து நாற்காலியில உக்காந்து திட்டுங்க.

வெல்டர்: நான் கூட்டத்துக்கு வரல. ஒரு சேதி சொல்லணும். சொல்லிட்டுக் கிளம்பிடுவேன்.

கண்டக்டர்: யார் சேதி?

வெல்டர்: என் வீட்டுக்காரி சேதி. உங்க... அது பேரென்ன... மொட்டைமாடி. கம்ப்யூட்டர்ல ஆளாளுக்குப் பதிவு எழுதுவீங்களே. அதுல அவளும் ஒருத்தி.

கண்டக்டர்: என்ன பேர்ல எழுதுவாங்க?

வெல்டர்: ஊசிமுனை.

கண்டக்டர்: ஊசிமுனையா...

வெல்டர்: என்ன முழிக்கிற? தெரியாதா? அத்தனை வருஷமா எழுதினா... எழுதுறா. தெரியாதுங்கிறியா?

கண்டக்டர்: தெரியாம என்ன. தையல் மெஷின் சத்தம்கூட அவங்க எழுத்துல கேக்குமே! அப்ப நீங்கதான் வெல்டரா? அக்கா வீட்டுக்காரர்னா எனக்கு மாமா.

வெல்டர்: எனக்கு மச்சினிச்சி யாரும் கிடையாது.

கண்டக்டர்: இப்ப வந்தாச்சு. மொட்டைமாடியில என் பேர் சில்லறை.

வெல்டர்: சில்லறையா... பஸ்ல டிக்கெட் கிழிக்கிறவ?

கண்டக்டர்: அவளேதான்.

வெல்டர்: எழுத்தைப் பாத்து நீ ஒல்லியா இருப்பேன்னு நெனச்சேன்.

கண்டக்டர்: என் எழுத்தை நீங்க எங்க பாத்தீங்க?

வெல்டர்: ...அவ சொல்லுவா.

கண்டக்டர்: அக்கா ஏன் வரல?

வெல்டர்: முட்டி வலி. படி ஏற மாட்டா.

கண்டக்டர்: ம்.

வெல்டர்: இந்தப் படியில முட்டி நல்லா இருக்கறவளே ஏற மாட்டா. கைப்பிடி ஆடுது பாரு. பத்த வெச்சவன் கண்ணை மூடிட்டுப் பத்த வெச்சிருக்கான்.

கண்டக்டர்: சேதி என்ன மாமா?

வெல்டர்: மொட்டைமாடியை மூடப்போறதாப் போட்டிருந்தீங்களாமே. இன்னிக்குக் கூடி ஓட்டுப் போடுறீங்களாம்.

கண்டக்டர்: ஆமா. ஒரு காலத்துல நிக்க இடமில்லாம எழுதினோம். சண்டை, சமாதானம், பேரன் பொறந்தது, வேலை போனது எல்லாம் அங்கதான். இப்ப ஒவ்வொருத்தரா வேற எங்கெங்கயோ போயிட்டாங்க. உள்ள பாருங்க, நாற்காலி அத்தனை போட்டிருக்கு, ஆளு எத்தனைன்னு.

வெல்டர்: பாத்தேன். ஆளில்லாத நாற்காலிக்குக் காத்தடிக்கறதுதான் ஃபேனுக்கு வேலை.

கண்டக்டர்: அதான், மரியாதையா மூடிடலாம்னு சிலர் சொல்றாங்க.

வெல்டர்: மூடக் கூடாதாம்.

கண்டக்டர்: அக்கா சொன்னாங்களா?

வெல்டர்: பின்ன நானா சொல்லுவேன்? என்னைக் கேட்டா இன்னிக்கே பூட்டைப் போடுன்னுவேன். முகம் தெரியாதவன்கிட்ட வீட்டுக் கதையைக் கொட்டுறது ஒரு பொழப்பா?

கண்டக்டர்: இதைச் சொல்லவா ரெண்டு பஸ் மாறி வந்தீங்க? போன்ல சொல்லியிருக்கலாமே.

வெல்டர்: போன்ல சொன்னா சரி சரின்னுவீங்க. வெச்சதும் மூடிடுவீங்க. எனக்குத் தெரியாதா உங்களை?

கொட்டாவி: சில்லறை! ஓட்டெடுப்பை ஆரம்பிக்கலாமா? எனக்கு டியூட்டிக்கு நேரமாச்சு!

கண்டக்டர்: ஒரு நிமிஷம் இரு! ...அது கொட்டாவி, மாமா. வாட்ச்மேன் வேலை.

வெல்டர்: தெரியும். வாசல்ல வந்து படுக்கற நாய்க்கு மேனேஜர்னு பேர் வெச்சவன்தானே?

கண்டக்டர்: அது போன வாரம் எழுதினது.

வெல்டர்: அவ சத்தமாப் படிப்பா. நான் என்ன காதைக் கழட்டியா வைக்க முடியும்?

கண்டக்டர்: நீங்க சாப்பிடும்போது படிப்பாங்களாமே. நீங்க கேக்காத மாதிரி தட்டையே பாத்துட்டு இருப்பீங்களாம். சிரிப்பு வந்தா தண்ணி குடிப்பீங்களாம்.

வெல்டர்: அதையும் எழுதிட்டாளா! பாத்தியா? இதைத்தான் சொல்றேன். எங்க வீட்டுல நான் ஒரு தும்மல் போட முடியாது.

கண்டக்டர்: அக்காவோட முதல் பதிவு இன்னும் ஞாபகம் இருக்கு. 'இன்று ஆறு ஜாக்கெட் தைத்தேன். அவ்வளவுதான்.'

வெல்டர்: ஆறில்ல, அஞ்சு. ஆறாவது கொக்கி வைக்காம நின்னுபோச்சு.

கண்டக்டர்: ...சரிதான். அஞ்சுதான். அவ்வளவே எழுதத் தெரிஞ்சவங்க, கடைசியில எப்படி...

வெல்டர்: கடைசியிலன்னா? என்ன கடைசியில?

கண்டக்டர்: பின்னாடி, மாமா. போகப் போக எப்படி எழுதினாங்கன்னு சொல்ல வந்தேன்.

வெல்டர்: வார்த்தையைப் பாத்துப் பேசு.

கண்டக்டர்: சரி.

வெல்டர்: அவளைக் கெடுத்ததே நீங்கதான். பக்கத்து வீட்டுல ஒரு கைப்பிடி உப்பு வாங்கக்கூட என்னை அனுப்பினவ. உங்க சகவாசம் வந்தப்புறம் தனியா ரயிலேறிக் கூட்டத்துக்குப் போறா. அளவு தப்பாயிடுச்சுன்னு ஒரு பெரிய இடத்துப் பொம்பளை வந்து கத்தினா. இவ நிமிர்ந்து நின்னு, 'டேப்பு அதேதாம்மா, உடம்புதான் வேற'ங்கிறா. எனக்குக் கையில பிடிச்சிருந்த சுத்தியல் நழுவிடுச்சு.

கண்டக்டர்: ஹா...

வெல்டர்: சிரிக்காத. அப்புறம் என்னையே ஏன்னு கேக்க ஆரம்பிச்சா. எங்க போறேன்னா ஏன். எதுக்குக் கத்துறேன்னா ஏன். மூச்சு விட்டா ஏன்.

கண்டக்டர்: உங்களுக்குப் பிடிக்கலையா?

வெல்டர்: ...இப்ப யாரு கேக்கறா வீட்டுல?

கண்டக்டர்: என்ன சொன்னீங்க?

வெல்டர்: முட்டி வலியில அவ்வளவா பேசறதில்லன்னேன்.

கண்டக்டர்: ம்... என்னையும் கெடுத்தது அவங்கதான் மாமா. டிரைவர் ஒரு சத்தம் போட்டா அழுதுட்டே விசில் அடிப்பேன் நான். அதைப் பதிவாப் போட்டேன். கீழ அக்கா வந்து, 'நீ அழுததை எழுதிட்ட, அடுத்தது அவனை எழுது'ன்னு போட்டாங்க. அவனை எழுதினேன். எழுத எழுத, அட, இவ்வளவுதானா இவன்னு ஆயிடுச்சு. அப்புறம் நேர்லயே கேட்டுட்டேன்.

வெல்டர்: இப்ப அவன்தான் உனக்கு டீ வாங்கித் தர்றான்.

கண்டக்டர்: அதுவும் தெரியுமா!

வெல்டர்: காது இருக்குன்னேனே.

கண்டக்டர்: மாமா, ஒண்ணு சொல்லட்டுமா? மூடினாலும் அக்கா எழுதினது எதுவும் போகாது. எல்லாத்தையும் பேப்பர்ல அடிச்சு, கட்டித் தந்துடறோம். வீட்டுலயே வெச்சுக்கலாம்.

வெல்டர்: பேப்பர் வேணாம்.

கண்டக்டர்: ஏன்?

வெல்டர்: பேப்பர்ல 'படிச்சாச்சு'ன்னு எங்க போடுறது?

கண்டக்டர்: யாரு போடுறது, மாமா?

வெல்டர்: அவ கேக்கச் சொன்னா. எது படிச்சாலும் கீழ 'படிச்சாச்சு'ன்னு போடுவா. அது அவ பழக்கம்.

கண்டக்டர்: ஆமா. முன்னெல்லாம் பதிவைவிட நீளமாப் பதில் எழுதுவாங்க. கொஞ்ச வருஷமா அந்த ஒரு வார்த்தைதான். எல்லார் பதிவுக்கும் போடுறாங்க. அவங்களோட பழைய பதிவுக்கும் போடுறாங்க.

வெல்டர்: அவ பதிவுக்கு அவ போடக் கூடாதுன்னு சட்டமா?

கண்டக்டர்: ஐயையோ, தாராளமாப் போடலாம். முதல் பதிவுலேர்ந்து வரிசையா வர்றாங்க. இப்ப எது வரைக்கும் வந்திருக்காங்க?

வெல்டர்: மெஷினுக்கு மோட்டார் வெச்சதுவரைக்கும். மிதிக்கிறதை விட்டப்புறம் காலு சும்மா இருக்க மாட்டேங்குது, தூக்கத்துலகூட மிதிக்குதுன்னு எழுதியிருக்கா. பக்கத்துலயே படுத்திருந்தேன், எனக்கு அது... இன்னும் நிறைய இருக்கு. நீளநீளமா எழுதித் தள்ளியிருக்கா. ஒண்ணு முடிக்கவே வாரக்கணக்காகுது... அவளுக்கு. கண்ணு சரியில்ல.

கண்டக்டர்: முட்டின்னீங்க.

வெல்டர்: வயசானா எல்லாந்தான் போகும்! முட்டி போனா கண்ணு போகக் கூடாதா? ...அதான் இப்ப மூடாதீங்கன்னா. முடிக்கட்டும். முடிச்சப்புறம் பூட்டுங்க, இடிங்க, எனக்கென்ன.

கண்டக்டர்: கொட்டாவி! இன்னிக்கு ஓட்டு கிடையாது!

கொட்டாவி: ஏன்? நான் லீவு சொல்லிட்டு வந்திருக்கேன்!

கண்டக்டர்: இப்பதான் டியூட்டின்ன?

கொட்டாவி: அது... சீக்கிரம் முடியட்டுமேன்னு. ஏன் கிடையாது?

கண்டக்டர்: ஊசிமுனை அக்கா இன்னும் படிச்சு முடிக்கலையாம்.

கொட்டாவி: ஊசிமுனையா? அவங்கதான்...

கண்டக்டர்: முட்டி வலி! அவங்களால வர முடியல. வீட்டுக்காரர் வந்திருக்கார், பாரு.

கொட்டாவி: ...ஓ. வாங்கய்யா. வணக்கம். முட்டியா... பாத்துக்கச் சொல்லுங்கய்யா.

வெல்டர்: சொல்றேன். வந்த வேலை முடிஞ்சுது. கிளம்பறேன்.

கண்டக்டர்: ஒரு வாய் டீயாவது...

வெல்டர்: வேணாம். ஆங், இன்னொண்ணு. அந்தக் குடைக்காரி என்ன ஆனா?

கண்டக்டர்: எந்தக் குடைக்காரி?

வெல்டர்: மழையில குடையை பஸ்லயே விட்டுட்டு இறங்கினாளே ஒருத்தி. பின்னாடியே ஓடிவந்தா, அதுக்குள்ள நான் விசில் அடிச்சிட்டேன்னு எழுதினியே. அதோட விட்டுட்ட. அப்புறம் வந்தாளா, இல்லையா?

கண்டக்டர்: இதையும் அக்காதான் கேக்கச் சொன்னாங்களா?

வெல்டர்: வேற யாரு?

கண்டக்டர்: வரல மாமா. குடை என் பையிலதான் இருக்கு. வெயில் காலத்துலயும் எடுத்துட்டுப் போறேன். அந்த ஸ்டாப் வந்தா ஒரு தடவ எட்டிப் பாப்பேன். யாராவது தலையில முந்தானையைப் போட்டுட்டு நின்னா குடையைக் கையில எடுத்துடுவேன். அவ இல்ல.

வெல்டர்: இதை எழுதறதுக்கென்ன உனக்கு? இதான் கதையே. நாலு வரியில வெட்டிட்டுப் போயிட்ட. நான் வந்ததும் சொன்னேனே, சோம்பேறிக் கூட்டம்னு.

கொட்டாவி: அப்படிக் கேளுங்கய்யா! அந்த நாயைப் பத்தி எனக்குப் பக்கம் பக்கமா இருந்துச்சு. எத்தனை வருஷந்தான் நாலு வரியிலயே முக்கறது? இவங்கதான் அதுக்கு மேல போனா பதிவையே தூக்கிடுவேன்னு...

கண்டக்டர்: கொட்டாவி, வாயை மூடு.

கொட்டாவி: ...போச்சு.

வெல்டர்: யாரு தூக்கிடுவா? எதுக்கு நாலு வரி?

கண்டக்டர்: ஒண்ணுமில்ல மாமா. கைப்பிடி ஆடுது, பாத்து இறங்குங்க.

வெல்டர்: கேக்கறேன்ல. ஏன்?

கண்டக்டர்: ...அக்கா போன் பண்ணாங்க. ஆஸ்பத்திரியிலேர்ந்து. அதுக்கப்புறம் பேசல. 'இனிமே என் பேர்ல அவர் வருவார். ஒரே ஒரு வார்த்தை அடிக்கப் பழக்கியிருக்கேன். எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். நாலு வரிக்கு மேல எழுதாதீங்க, அலுத்து எழுந்து போயிடுவார். நான் இல்லைன்னு அவரா சொல்ற வரைக்கும் நீங்க யாரும் பேச்செடுக்காதீங்க'ன்னாங்க. அன்னிலேர்ந்து நாங்க யாரும் அஞ்சாவது வரிக்குப் போனதில்ல, மாமா.

வெல்டர்: பொய். நான் நம்பல. எனக்குப் படிக்க வராதுன்னு வெளியாள்கிட்ட சொல்ற பொம்பளையில்ல அவ. இருந்தவரைக்கும் ஒரு நாள்கூட அப்படிச் சொன்னதில்ல... நகரு, போறேன். அந்தக் குடைக்காரி கதையை முழுசா எழுது, யாரு எழுந்து போறான்னு பாக்கலாம்.